கேபிபாரா: ஈறில் ரத்தம், பின்னங்கால் ஊன்றவில்லை. முதலில் என்ன செய்வது?

பட்டிக்காவல்:
டெக்சாஸில் உள்ள எங்கள் மீட்புப் பண்ணைக்கு இந்த வாரம் ஒரு பெண் கேபிபாரா (நீர்நிலையோரம் வாழும் பெரிய கொறித்துண்ணி) வருகிறது. வயது 2, எடை 38 கிலோ. இதுவரை காய்ந்த புல், ரொட்டி, ஆப்பிள் மட்டுமே தீவனம். ஈறில் ரத்தம் கசிகிறது, பின்னங்காலை ஊன்றத் தயங்குகிறது. பண்ணையில் ஏற்கெனவே ஓர் ஆண் உண்டு. தீவனம், குளம், சேர்த்து விடுவது பற்றிச் சொல்லுங்கள்.

புல்லுக்கட்டு:
வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயின் அடையாளங்கள் இவை. கினிப்பன்றி மாதிரி கேபிபாராவின் உடலும் வைட்டமின் சி-யைத் தானாகத் தயாரிக்காது. காட்டில் பச்சைப் புல் மேய்வதால் குறை தெரியாது. புல்லைக் காயவைத்ததும் அந்தச் சத்தில் பெரும்பங்கு போய்விடும்.

வாய் வலிக்கும்போது தின்னாது. அதனால் முதல் சில நாள் வைட்டமினை ஊசியாகப் போடச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள், அளவை அவரே தீர்மானிக்கட்டும். பிறகு மருந்து தெளிக்காத பச்சைப் புல், சிவப்புக் குடைமிளகாய் (100 கிராமில் சுமார் 130 மில்லிகிராம் வைட்டமின் சி), கினிப்பன்றி பெல்லட் (சிறு குச்சிகளாக அழுத்திய தீவனம்). முயல் பெல்லட்டை வைட்டமின் சி-க்காக நம்ப வேண்டாம். கினிப்பன்றி பெல்லட் மூட்டையில் தயாரிப்புத் தேதி பாருங்கள், பழையதில் வீரியம் இருக்காது. வைட்டமினைத் தண்ணீரில் கலக்கவே கூடாது. வெளிச்சத்தில் சிதையும்; குளத்திலும் குடிக்கிற விலங்கு தொட்டியில் எவ்வளவு குடித்தது என்று யார் கணக்கு வைப்பது?

கரையோரம்:
மேலே சொன்னதைப் படித்துவிட்டுக் காய்ந்த புல்லை நிறுத்திவிடாதீர்கள். பல் வாழ்நாள் முழுக்க வளரும், நாரை அரைத்தால்தான் தேயும். திமோதி என்ற வகைக் காய்ந்த புல் எந்நேரமும் முன்னால் இருக்கட்டும். ரொட்டியும் ஆப்பிளும் போகட்டும்.

குளம் 1 மீட்டருக்குக் குறையாத ஆழம், இறங்கச் சரிவான கரை. சரிவு வழவழப்பாக இருந்தால் கால் தளர்ந்த இந்தப் பெண் வழுக்கும். சொரசொரப்பு அதிகமானால் பாதம் புண்ணாகும். விளக்குமாற்றால் இழுத்துவிட்ட சிமெண்டுத் தளம் போதும். தண்ணீருக்குள்ளேயே சாணம் போடும், புல்நார் பம்பை அடைத்துவிடும். வடிகட்டிக்கு முன்னால் கசடு தங்க ஒரு தொட்டி வையுங்கள். குளிர்காலக் கொட்டகையில் விளக்குக் கம்பி எட்டும் உயரத்தில் இருந்தால் கடித்துவிடும், இரும்புக் குழாய்க்குள் விடுங்கள்.

மருந்துப்பெட்டி:
ஒரு எச்சரிக்கை. ஈறுப் புண்ணுக்கு யாராவது அமாக்சிசிலின், கிளிண்டமைசின் மாதிரி வாய்வழி ஆன்டிபயாடிக் மருந்து எழுதினால் நிறுத்திக் கேளுங்கள். புல்லைச் செரிக்கும் குடல் பாக்டீரியா செத்து, கெட்டவை பெருகி, வயிற்றுப்போக்கிலேயே உயிர் போகலாம். முயல், கினிப்பன்றி பார்த்துப் பழகிய மருத்துவரே வேண்டும். கடைவாய்ப்பல் உள்ளே தள்ளி இருக்கிறது, வாயும் அகலத் திறக்காது. மயக்கம் கொடுத்தால்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும்.

30 நாள் தனிப்பட்டி. சாணப் பரிசோதனையில் குடற்புழு இல்லை என்று வந்த பிறகு, வலைக்கு இருபுறமும் நிறுத்திப் பழக்குங்கள். ஆணுக்கு முன்பே கருத்தடை செய்துவிடுங்கள். தன் சாணத்தையே கேபிபாரா தின்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், சத்தை மறுபடி எடுத்துக்கொள்ளும் வழி அது. வாரம் ஒருமுறை தட்டைத் தராசில் பெல்லட் காட்டி ஏற்றி எடை குறியுங்கள். எடை இறங்கினால் அடுத்த வாரம் வரை காத்திராமல் பல்லைப் பாருங்கள்.