சிங்கப்பூர், தோ பாயோ குடும்பக் குழு: அம்மாவின் சர்க்கரை வரைபடம்

கயல்விழி, இரவு 8.05
அனைவருக்கும் வணக்கம். அம்மா காலையில் வெறும் வயிற்றில் எடுத்த 2 வார சர்க்கரை அளவுகளை வரைபடமாக்கி இணைத்துள்ளேன். மருத்துவர் சொன்ன லிட்டருக்கு 7 மில்லிமோல் என்ற வரம்பைத் தாண்டியவை சிவப்புப் புள்ளிகள், மற்றவை பச்சை.

சிவநேசன் மாமா, 8.11
கயல், பார்வையில்லாத எனக்கு என் கைப்பேசி “படம்” என்று மட்டும் வாசித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டது. அக்காவின் உடல்நிலை எனக்கு மட்டும் தெரியக்கூடாதா?

அப்பா, 8.12
எனக்கும் எல்லாப் புள்ளிகளும் ஒரே பழுப்பாகத்தான் தெரிகின்றன. தேசிய சேவைக்கான (கட்டாய ராணுவப் பணி) பரிசோதனையிலேயே நிறக்குருடு என்று எழுதிவிட்டார்கள்.

இளமாறன், 8.20
சென்ற பருவத்தில் இதைத்தான் படித்தேன், மாமா. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் காட்சிப்படுத்தல் ஆய்வுக் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வுக்காக, வரைபடங்களை விவரித்து மக்கள் எழுதிய 2,147 வாக்கியங்களைப் பகுத்துப் பார்த்து, விவரிப்பில் 4 நிலைகள் இருப்பதாகக் கண்டது. அச்சு, அலகு, நிறம் ஆகிய அமைப்பு முதல் நிலை. உச்சம், தாழ்வு, ஒப்பீடு இரண்டாம் நிலை. ஏற்ற இறக்கப் போக்கு மூன்றாம் நிலை. காரணமும் பின்னணியும் நான்காம் நிலை. கயல் அக்கா முதல் நிலையோடு நின்றுவிட்டார்.

கயல்விழி, 8.26
மன்னியுங்கள், மாமா. 14 அளவுகளில் மிகக் குறைந்தது 5.8, மிக அதிகமானது 9.4. 12 நாள்கள் 7க்குக் கீழேயே இருந்தன. மொத்தத்தில் சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் உள்ளது, கவலை வேண்டாம்.

சிவநேசன் மாமா, 8.31
கடைசி வாக்கியம் உன் தீர்ப்பு, கயல். செய்யுளை மறைத்துவிட்டுப் பொழிப்புரையை மட்டும் நீட்டினால், இத்தனை ஆண்டு தமிழ் கற்பித்தவன் எப்படி ஒப்புக்கொள்வேன்? எண்களைக் கொடு, கட்டுப்பாட்டில் உள்ளதா என்பதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

இளமாறன், 8.38
அந்த ஆய்விலும் இதே மனநிலைதான் தென்பட்டது, மாமா. பார்வையற்றோர் 30 பேரும் பார்வையுள்ளோர் 90 பேரும் பங்கேற்றனர். பார்வையுள்ளோர் மூன்றாம், நான்காம் நிலைகளைப் பயனுள்ளவை என்றபோது, பார்வையற்றோர் இரண்டாம், மூன்றாம் நிலைகளை முன்னே வைத்தார்கள். எழுதியவரின் கருத்து தங்கள்மீது ஏற்றப்படுவதை அவர்களில் பலர் விரும்பவில்லை. பின்னர் அதே குழு, பார்வையற்ற ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து இப்பணியைத் தொடர்ந்தது. அவர்களுடைய ‘ஓலி’ என்ற திறமூல மென்பொருள் வரைபடத்தைக் கிளைகளாகப் பிரித்துத் தருவதால், திரைவாசிப்பான் பயன்படுத்துபவர் அம்புக்குறி விசைகளைக் கொண்டு முழுப் படத்திலிருந்து அச்சுக்கும், அங்கிருந்து ஒவ்வோர் எண்ணுக்கும் தாமே இறங்கிச் செல்லலாம். வாட்ஸ்அப்பில் அது இயங்காது என்பதால் கிழமை வரிசையில் எழுதுகிறேன்.

முதல் வாரம், திங்கள் தொடங்கி: 9.4, 6.6, 6.3, 6.1, 5.9, 5.8, 6.2.
இரண்டாம் வாரம், திங்கள் தொடங்கி: 8.9, 6.7, 6.4, 6.0, 6.1, 5.9, 6.0.

சிவநேசன் மாமா, 8.44
இரண்டு முறை கேட்டேன். வரம்பைத் தாண்டிய இரண்டு நாள்களும் திங்கட்கிழமை. அக்கா, ஞாயிறு இரவு எங்கே சாப்பிடுகிறீர்கள்?

கயல்விழி, 8.45
படத்தை வரைந்த எனக்கே இது தோன்றவில்லை!

அம்மா, 9.02
வீரமாகாளியம்மன் கோவிலிலிருந்து திரும்பும்போது தேக்காவில் இடியாப்பம் சாப்பிடுவேன். சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் சற்றுக் கூடுதலாகத்தான் கேட்டு வாங்குவேன். நீ இப்படிக் கண்டுபிடிப்பாய் என்று தெரிந்திருந்தால், தம்பி, படத்தோடு நிறுத்திக்கொள்ளுமாறு பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன்.