சிறை வாசலில் நின்றுபோகும் மாத்திரைகள்: பார்த்தவர்கள், பட்டவர்கள் எழுதலாம்

மனநலச் செவிலியர்:
பெண்கள் சிறையில் பல வருடம் வேலை பார்த்தேன். அங்கே பெரிய சிக்கல் நோய்கூட இல்லை, சிகிச்சை வாசலிலேயே அறுந்துபோவதுதான். கைதாகும்போது யார் மருந்துச் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வருவார்கள்? பதற்றத்துக்கும் வலிப்புக்கும் தரும் குளோனஸெபம் மாதிரி மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டவருக்கு அது சட்டென்று நின்றால் வலிப்பே வரலாம். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் நின்றால் அடங்கியிருந்த பித்து திரும்பலாம்.

அப்படித்தான் ஒரு பெண் ராத்திரி முழுக்கப் பாடினார், சாப்பாட்டுத் தட்டை வீசினார். பதிவேட்டில் ‘கீழ்ப்படியவில்லை’ என்று எழுதி, வீட்டார் வந்து பார்ப்பதை நிறுத்தினார்கள். அவருக்கு இருமுனைக் கோளாறு, அதாவது மனநிலை பித்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய், என்று சொல்லக்கூடியவர்கள் அந்த வீட்டார்தான்! எப்படியோ அவருடைய அண்ணனைப் பிடித்து விசாரித்தோம். ரத்தப் பரிசோதனை செய்து லித்தியத்தை மறுபடி தொடங்கினார்கள். சில வாரத்தில் தெளிந்தார். பதிவேட்டில் எழுதியது மட்டும் அப்படியே இருந்தது.

12 நாடுகளின் 62 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதன் கணக்கில், சிறையிலுள்ள பெண்களில் 100க்கு 12 பேருக்குக் கடும் மனச்சோர்வு, 4 பேருக்கு நிஜத்தோடு தொடர்பறுந்துபோகும் தீவிர மனநோய். நூறு பேர் உள்ள இடத்தில் யாருக்கும் ஒன்றுமில்லை என்று பதிவேடு சொன்னால் நான் பதிவேட்டைத்தான் சந்தேகப்படுவேன்.

உள்ளே வரும்போதே மனநலம், தற்கொலை ஆபத்து, முன்பு அனுபவித்த வன்முறை எல்லாவற்றையும் கேட்டறிய வேண்டும் என்று பெண் கைதிகளுக்காக 2010இல் ஐ.நா. ஏற்ற பாங்காக் விதிகள் சொல்கின்றன. கேட்கத்தான் செய்கிறார்கள். பக்கத்தில் காவலர் நிற்க, “மனநோய் இருக்கா?” என்று கேட்டால் யார் ஆமாம் என்பார்? நான் “தூங்கினீங்களா? பிள்ளைங்க யார்கிட்ட இருக்காங்க?” என்றுதான் தொடங்குவேன். இரண்டாவது கேள்வியில் பெரும்பாலும் அழுகை வந்துவிடும், அப்புறம் பேச்சும் வரும்.

உள்ளே இருந்தவள்:
பிள்ளை யாரிடம் என்று என்னை யாரும் கேட்கவில்லை, சிஸ்டர். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்தவள் நான். பால் கட்டிக் காய்ச்சல். அழுகையை நிறுத்த முடியவில்லை. என் பாதுகாப்புக்கு என்று சொல்லித் தனி அறையில் போட்டார்கள். பாலூட்டும் தாயைத் தண்டனையாகக்கூடத் தனிமைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று நீங்கள் சொல்லும் அதே பாங்காக் விதிகளில் இருக்கிறதாம், வெளியே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

சோதனைக்குத் துணியைக் கழற்றச் சொன்னபோது அசைய முடியாமல் நின்றேன். கணவரிடம் அடிபட்ட காலத்திலும் என் உடம்பு அப்படித்தான் மரத்துப்போகும். “நடிக்கிறா” என்றார்கள்.

மனச்சோர்வுக்குத் தந்த மாத்திரை உதவவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது வேலை செய்ய வாரக்கணக்காகும். முதலில் உதவியது ஒரு போன். குழந்தை என் அம்மாவிடம் இருக்கிறது, பால் குடிக்கிறது என்று கேட்ட அன்று தூங்கினேன்.

ஒரு அக்கா:
என் தங்கையை விடுதலை செய்தபோது மாலை நேரம். கையில் மாத்திரையும் இல்லை, என்ன சாப்பிட்டாள் என்று ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. வெளியே டாக்டர் “பழைய ரெக்கார்டு எங்கே?” என்கிறார். அவளுக்குப் போதைப் பழக்கமும் இருந்தது. உள்ளே நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைத்தோம். சரிதானா, சிஸ்டர்?

மனநலச் செவிலியர்:
இல்லைம்மா, இப்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். உள்ளே இருந்த காலத்தில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே எடுத்தால் மூச்சு நிற்கலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2007இல் வெளியானது. அதில், முதல் இரண்டு வாரத்தில் அளவு மீறிய போதையால் சாகும் ஆபத்து மற்றவர்களைவிட 129 மடங்கு. இந்த நாட்களில் அவளைத் தனியாக விடாதீர்கள். ஹெராயின் வகை என்றால், அளவு மீறும்போது அதை முறித்து மூச்சை மீட்கும் நலோக்சோன் மருந்து கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சிறை மருத்துவருக்கு எழுத்தில் மனு கொடுத்து, தந்த மருந்துகளின் பெயர், அளவு, கடைசி ரத்தப் பரிசோதனை மூன்றையும் கேளுங்கள். மனுவில் தங்கையின் கையெழுத்து இருக்கட்டும், இல்லாவிட்டால் ரகசியம் என்று சொல்லித் தர மறுப்பார்கள். நகலில் தேதி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.