நாங்குநேரியைப் பற்றி வகுப்பில் பேசியது தப்பா?

சாக்பீஸ்_தூசி:
தென்மாவட்டத்தில் உதவி பெறும் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் ஆசிரியர் நான். 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியலின மாணவரையும் தடுக்கப்போன தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள் அல்லவா? இரண்டு நாள் கழித்து என் பத்தாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "அதைப் பத்தி நீங்க என்ன நெனைக்கிய சார்?" என்று கேட்டான். பாடத்தை மூடிவிட்டு ஒரு பீரியட் முழுக்கப் பேசினோம். திங்கட்கிழமை ஒரு பெற்றோர் வந்து சத்தம் போட்டார். "போர்ஷனை முடிக்கிற வழியைப் பாருங்க" என்றார் ஹெச்.எம். அதோடு நிறுத்திவிட்டேன். இன்றும் உறுத்துகிறது.

ஓய்வுபெற்ற_ஹெச்எம்:
அவர் சொன்னதில் தப்பே இல்லை. 'பட்டியலினம்' என்று நீங்கள் சொன்னதும் எத்தனை தலை எந்த பெஞ்சுப் பக்கம் திரும்பியது, கவனித்தீர்களா? மணி அடித்தால் நீங்கள் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விடலாம். அந்தப் பிள்ளை மற்றவர்களோடு அதே பஸ்ஸில்தான் ஊருக்குப் போகணும்.

கடைசி_பெஞ்சு:
ஐயா, அப்படித் திரும்பிய தலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவன் நான். நீங்கள் பேசாவிட்டாலும் தலை திரும்பும். ஸ்காலர்ஷிப் ஃபாரத்துக்காக வகுப்பு நடுவில் பெயர் வாசித்தபோது திரும்பியது. 'தீண்டாமை ஒரு பாவச்செயல், பெருங்குற்றம், மனிதத்தன்மையற்ற செயல்' என்று ஒவ்வொரு பாடப்புத்தகத்திலும் அச்சடித்துத் தந்தார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு வாத்தியாராவது ஒரு நிமிஷம் நின்றதில்லை. புரட்டினால் நேரே முதல் பாடம்தான்.

ரெண்டு_பிள்ளை_அப்பா:
எல்லாரும் ஆசிரியரை ஏதோ சாதியே இல்லாதவர் மாதிரி பேசுகிறீர்கள். வாத்தியாருக்கும் சாதி உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு யார் என்ன சொல்லித்தருகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்த சார் நல்லவராக இருக்கலாம். அடுத்த ரூமில் இருப்பவர்?

கடைசி_பெஞ்சு:
அந்தப் பயம் நியாயம்தான். அதனால்தான் ஆளாளுக்குத் தோன்றியதைப் பேசாமல் முறையாகச் செய்யச் சொல்கிறோம். நாங்குநேரிக்குப் பிறகு, பள்ளிகளில் சாதிச் சண்டையைத் தடுக்க வழி சொல்லச் சொல்லி அரசு போட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுதோறும் சாதிப் பாகுபாடு பற்றி மாணவர்களிடம் பேசவேண்டும் என்று அதில் இருக்கிறது. ஊரே சாதியைக் காட்டும் கைக்கயிறு, பொட்டு பற்றி மட்டும் சண்டை போட்டதில் இது யார் கண்ணிலும் படவில்லை.

ஓய்வுபெற்ற_ஹெச்எம்:
அறிக்கை எழுதுவது சுலபம் தம்பி. கையில் இருந்த கயிற்றை அறுத்ததற்காக என் பள்ளி வாசலில் நாற்பது பேர் வந்து நின்றார்கள். ஆசிரியருக்கு யார் பாதுகாப்பு?

சாக்பீஸ்_தூசி:
தலை திரும்பியது உண்மை. எனக்கு ஒரு நொடி நா ஒட்டிக்கொண்டது. மறுபடி பேசினால் சாதிப் பெயரில் ஆரம்பிக்க மாட்டேன். நாங்குநேரி மாணவர் சில நாள் பள்ளிக்கு வரவில்லை, ஆசிரியர்கள் ஏன் என்று கேட்டபிறகுதான் கூடப் படித்தவர்கள் கொடுத்த தொந்தரவு வெளியே வந்தது. அங்கிருந்து ஆரம்பிப்பேன்: பக்கத்து இடம் காலியாக இருந்தால் நீ என்ன செய்வாய்?

ஓய்வுபெற்ற_ஹெச்எம்:
மிச்சத்தையும் சொல்லுங்கள். அவர் புகார் கொடுத்தார், அன்று இரவே வெட்டு விழுந்தது. இதைக் கேட்கிற பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? வாயைத் திறக்காதே என்றுதானே?

கடைசி_பெஞ்சு:
புகார் வாங்கினால் அன்று சாயங்காலம் அந்தப் பிள்ளை எப்படி வீடு போய்ச் சேரும் என்றும் யோசிக்கணும். இதைப் பிள்ளைகளுக்கு இல்லை, முதலில் ஸ்டாஃப் மீட்டிங்கில் பேசுங்கள்.

ரெண்டு_பிள்ளை_அப்பா:
இதற்கு நானும் கை தூக்குகிறேன்.

சாக்பீஸ்_தூசி:
ஒன்று விட்டுப்போச்சு. கேள்வி கேட்ட பையன் கையில் கயிறு உண்டு. வம்புக்குக் கேட்டானா, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டானா, இன்றுவரை புரியவில்லை. நான் போர்ஷனுக்குத் திரும்பிய பிறகு அவன் எழுந்து எதுவும் கேட்டதில்லை.

ஓய்வுபெற்ற_ஹெச்எம்:
கயிறு கட்டினவனா கேட்டான்? இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே சார்.