டர்போ பம்ப்பை வென்ட் பண்றப்ப என்னென்ன கெடுதுங்க: கோவைப் பக்கத்து அனுபவங்கள்

குறிச்சியில இருந்து:
டர்போ பம்ப்னா, கோட்டிங் போடற சேம்பர்ல (மூடுன பெட்டியில) இருந்து காத்தை எடுத்து வேக்குவம் பண்ற, வேகமா சுத்துற பிளேடு வெச்ச பம்ப்புங்க. வேலை முடிஞ்சதும் வாயுவைத் திரும்ப உள்ள விடறதுதான் வென்ட். சுவிட்சை அணைச்ச கையோட சேம்பருக்குள்ள காத்தைத் திறந்து விடறாங்க பாருங்க, அதுதான் பிளேடைத் தின்னுது. சின்ன டர்போவுல ரோட்டர் (சுத்துற பாகம்) நிமிசத்துக்கு 90,000 சுத்து வரைக்கும் சுத்தும். அந்த வேகத்துல காத்து மொத்தமா அடிச்சா பிளேடு வளைஞ்சு ஸ்டேட்டர்ல (சுத்தாம நிக்கிற பாகத்துல) உரசும், பேரிங்கும் போயிரும். வேகம் பாதிக்கு இறங்கட்டும், அப்பறம் வென்ட் வால்வை மெதுவாத் திறங்க. நொடிக்கு 15 மில்லிபாருக்கு மேல அழுத்தம் ஏறக்கூடாதுன்னு சில மேக்ல போட்டிருப்பாங்க. உங்க பம்ப்போட கையேட்டுல என்ன இருக்கோ அதை வெச்சுக்குங்க.

ரோட்டர் முழுசா நிக்கட்டும்னு வேக்குவத்தோடயே விட்டு வெக்கிறதும் தப்புங்க. டர்போவுக்குப் பின்னால துணைக்கு ஓடற ரோட்டரி பம்ப்போட ஆயில் ஆவி பின்னால இருந்து ஏறி சேம்பர் சுவத்துல படிஞ்சிரும். அப்பறம் கோட்டிங் உரியுதுன்னா, பீஸைக் கழுவுனதுல கோளாறுன்னு தேடிட்டு இருப்போம்.

ஈரோட்டுல இருந்து:
அண்ணா சொன்னது சரிங்க. எந்தப் பக்கமிருந்து விடறோம்ங்கறதும் முக்கியம். பம்ப்புலயே இருக்குற வென்ட் போர்ட், இல்லைன்னா சேம்பர் பக்கம். ஃபோர்லைன்ல (டர்போவுக்கும் ரோட்டரி பம்ப்புக்கும் நடுவுல இருக்குற குழாய்ல) இருந்து விட்டா ஆயிலை நாமளே மேல தள்ளுன மாதிரி.

உலர் நைட்ரஜன்தான் விடோணும். ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற ஈரக்காத்தை உள்ள விட்டா, தண்ணி சுவத்துல ஒட்டிக்கிட்டு அடுத்த பம்ப்-டவுன் (திரும்ப வேக்குவம் ஏத்தறது) மணிக்கணக்குல இழுக்கும். சிலிண்டர் அழுத்தத்தைக் குறைக்கிற ரெகுலேட்டரை 0.2 பாருக்குள்ள வெச்சு, லைன்ல ஒரு ரிலீஃப் வால்வும் (அழுத்தம் கூடுனா தானாத் திறக்குறது) போடுங்க. அது இல்லாம மறந்து விட்டுட்டா பார்க்குற கண்ணாடி தெறிக்கும். ஹோஸ்ல தங்கியிருக்குற காத்தை முதல்ல ஊதித் தள்ளிட்டு மாட்டுங்க. நைட்ரஜன் சிலிண்டர்னா சாம்பல் உடம்பு, கறுப்புக் கழுத்து. மாட்டறதுக்கு முன்னால ஒருக்கா பாத்துக்குங்க.

பீளமேட்டுல இருந்து:
நைட்ரஜனுக்கு வாசமே இல்லீங்க, அதுதான் பயம். நெறைஞ்ச பெரிய சிலிண்டர்ல ஏறக்குறைய 7 கனமீட்டர் வாயு இருக்கும். மூணு மீட்டர் நீள, அகல, உயரம் உள்ள மூடுன ரூம்ல அது முழுக்கக் கசிஞ்சா ஆக்சிஜன் 21 சதவீதத்துல இருந்து 16 பக்கம் வந்திரும். 19.5க்குக் கீழ போனாலே அபாயக் கணக்குதான். ராத்திரி பூட்டறப்ப சிலிண்டர் வால்வையே மூடுங்க, ரெகுலேட்டரை மட்டும் நம்பாதீங்க. பெரிய சேம்பர்னா கதவு திறந்த உடனே தலையை உள்ள நீட்டித் துடைக்கவே கூடாது. உள்ள இருக்குறது வெறும் நைட்ரஜன். ரெண்டு மூச்சுல ஆள் சாஞ்சிருவாங்க. ஃபேன் போட்டு, ஆக்சிஜன் மீட்டரை உள்ள விட்டுப் பாத்துட்டு அப்பறம் கை வைங்க.

திருப்பூர்ல இருந்து:
ஏனுங்க, ஓடிட்டு இருக்கறப்ப கரண்ட் போனா வென்ட் என்னாகும்?

குறிச்சியில இருந்து:
நெறைய டிரைவ்ல மோட்டாரே ஜெனரேட்டரா மாறிக்கும். சுத்துற ரோட்டரோட சக்தியிலயே கண்ட்ரோலர் கொஞ்ச நேரம் உயிரோட இருந்து, வென்ட் வால்வையும் பாத்துக்கும். ரோட்டரி பம்ப்தான் அப்பவே நின்னிரும். அதனால கரண்ட் போனதும் தானா மூடிக்கிற வால்வு ஒண்ணை ஃபோர்லைன்ல போடுங்க. வென்ட் வால்வு கரண்ட் இல்லாதப்ப திறக்குற வகையா, மூடுற வகையான்னு பாத்து, கரண்ட் போனப்பறம் வென்ட் ஆகற தாமதத்தையும் அதுக்குத் தக்கன செட் பண்ணுங்க. ஒரு நொடி மினுக்குனதுக்கெல்லாம் வென்ட் ஆச்சுன்னா, அன்னைக்குக் கோட்டிங்குக்கு ஏத்துன பீஸெல்லாம் வீணுங்க.