பழைய மோட்டார் சைக்கிளுக்கு வோல்ட் மீட்டர்: எந்த வயரில் எடுப்பது?

வணக்கம் அண்ணன்மார்களே. அப்பா ஓட்டிய மோட்டாரில்தான் தினமும் பிறையிலிருந்து பினாங்குப் பாலம் தாண்டி வேலைக்குப் போகிறேன். போன வாரம் இரவு வேலை முடிந்து வந்தால் பேட்டரி இறங்கிக் கிடந்தது. ஸ்டார்ட்டர் ஒரு முறை முனகியதோடு சரி.

அதனால் ஹேண்டிலில் சின்ன டிஜிட்டல் வோல்ட் மீட்டர் வைக்கிறேன். ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையே நின்றால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகப் போகலாம். பேட்டரியில் நேராகக் கொடுத்தால் நிறுத்திய பிறகும் கரண்ட் இழுக்கும். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஹாரன் வயரில் எடுத்துப் பார்த்தேன். பேட்டரி முனையில் மல்டிமீட்டர் 12.4 காட்ட, அங்கே 11.9தான்! பழைய சுவிட்சும் இணைப்புகளும் அரை வோல்ட்டைத் தின்கின்றன.

ஹாரன் வயரில் கரண்ட் வந்தால் மட்டும் இணைக்கும் சின்ன ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) போட்டு, 1 ஆம்பியர் பியூஸோடு பேட்டரியிலிருந்தே எடுக்கலாமா? எர்த்தை பிரேமில் கொடுத்தால் போதுமா, பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோக வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.