எம்பிஐ-யில் அட்ரஸ் எடுக்கப் போய்ப் பட்ட அனுபவங்கள்

ரேங்க்_சுழி
இது இன்னும் மனதில் உறுத்துகிறது. ஆய்வகத்தில் முன்பு இருந்தவர்கள் எம்பிஐ-யில் (பல ப்ராசஸ்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக் கணக்கிடும் முறை) எழுதி விட்டுப்போன துகள் நிரல். ரேங்க் 0-இல் (ரேங்க் என்பது ப்ராசஸின் எண்) மட்டும், மாறியின் நினைவக முகவரியைத் தரும் எம்பிஐ_கெட்_அட்ரஸ் கூப்பிட்டு, வந்த எண்களை பிராட்காஸ்ட் செய்து, எல்லா ரேங்கிலும் அதையே வைத்து எம்பிஐ_பாட்டம் (முழு முகவரிகளுக்கான தொடக்கப் புள்ளி) மேல் டைப் (எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற விவரிப்பு) கட்டியிருந்தார்கள். பழைய க்ளஸ்டரில் வருடக்கணக்கில் ஓடியது. புது க்ளஸ்டரில் போட்டதும் ரேங்க் 0 தவிர மற்றதெல்லாம் செக்ஃபால்ட் (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டு நிரல் விழுவது).

ஒரே குளோபல் மாறியின் அட்ரஸை எல்லா ரேங்கிலும் அச்சிட்டுப் பார்த்தோம். பழைய இடத்தில் அத்தனை வரியும் 601040. புதிதில் 55, 56 என்று தொடங்கி, நடுவில் ஒவ்வொரு வரியும் வேறு வேறு. புது கம்பைலர் யாரும் கேட்காமலேயே பிஐஇ-யாக (நினைவகத்தில் எங்கு வேண்டுமானாலும் ஏறக்கூடிய நிரலாக) கட்டிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு ப்ராசஸும் நினைவகத்தில் வேறு வேறு இடத்தில் ஏறுகிறது. இத்தனை காலம் ஓடியது அதிர்ஷ்டத்தில்தான் என்று அந்தத் திரையைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

பழைய_ஃபோர்ட்ரான்
என் கதை வேறு. கடல் அலை மாடல் ஒன்றில் லூப் எண்ணிக்கைக்கான மாறி திடீர் திடீரென்று 32765 ஆகும். அடுத்த ரன்னில் 32764. அப்புறம் 32767. அந்த மாறியை யாரும் தொடவே இல்லை! பதினாறடிமானத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது: 7எஃப்எஃப்டி, 7எஃப்எஃப்சி, 7எஃப்எஃப்எஃப். ஸ்டாக் அட்ரஸின் மேல்பாதி. பக்கத்து மாறியைச் சாதாரண இன்டிஜர் என்று அறிவித்து கெட்_அட்ரஸுக்குக் கொடுத்திருந்தார்கள். 4 பைட் இடத்தில் 8 பைட் விழுந்து, மிச்சம் அடுத்த வீட்டில். எம்பிஐ_அட்ரஸ்_கைண்ட் (முகவரி முழுதாக அடங்கும் இன்டிஜர் வகை) போட்டதும் நின்றது. ஃபோர்ட்ரானுக்கான பழைய எம்பிஐஎஃப்.ஹெச் இந்த டைப் எதையும் சோதிக்காது. புதிய எம்பிஐ_எஃப்08 இருந்திருந்தால் கம்பைலரே பிடித்திருக்கும்.

இரவு_ஜாப்
@ரேங்க்_சுழி ஏஎஸ்எல்ஆர்-ஐ (ஒவ்வொரு ப்ராசஸையும் வேறு இடத்தில் ஏற்றும் இயங்குதள வசதி) அணைத்தால் வேலை முடிந்தது. நாங்கள் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

பேடிங்
தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். அணைத்தாலும் ஹீப் (மாலாக் நினைவகம் எடுக்கும் பகுதி) எல்லா ரேங்கிலும் ஒத்துப்போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒரு ரேங்க் கூடுதலாக ஒரு மாலாக் செய்தால் போதும், எல்லாம் நகர்ந்துவிடும்.

என் அனுபவம் சின்னதுதான்: கேரக்டர், டபுள், இன்ட் என்று ஒரு ஸ்ட்ரக்ட், ஒருவர் 1+8+4 கூட்டி 13 என்று கட்டியிருந்தார். நடுவிலும் கடைசியிலும் கம்பைலர் விடும் வெற்றிடத்தோடு உண்மையில் 24. முதல் துகள் சரியாகப் போனது, இரண்டாவதிலிருந்து குப்பை.

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு ரேங்கும் தானே அட்ரஸ் எடுக்கட்டும். ஸ்ட்ரக்டின் தொடக்க அட்ரஸைக் கழித்து வித்தியாசத்தை மட்டும் டைப்பில் போடுங்கள். கழிக்க மைனஸ் குறி வேண்டாம், 3.1-இல் (2015) எம்பிஐ_ஏஇன்ட்_டிஃப் வந்துவிட்டது. டைப் கட்டியதும் ரீசைஸ்டு போட்டு சைஸ்ஆஃப் அளவுக்கு நீட்டுங்கள், இல்லாவிட்டால் அரே அனுப்பும்போது மாட்டலாம். சி என்றால் ஆஃப்செட்ஆஃப் இன்னும் எளிது. உள்ளே சி++ வெக்டர் இருந்தால் அந்த ஆப்ஜெக்டின் அட்ரஸ் எதற்கும் உதவாது, டேட்டா() கொடுப்பதுதான் வேண்டும். அது ஒவ்வொரு துகளுக்கும் வேறு என்பதால் ஒரே டைப்பில் அடங்காது. பழைய எம்பிஐ_அட்ரஸ் இன்னும் வைத்திருப்பவர்கள் மாற்றிவிடுங்கள், 2012-இல் 3.0 வந்தபோதே நீக்கிவிட்டார்கள். மொத்தத்தில், அட்ரஸ் ஒரு ரேங்கிலிருந்து இன்னொரு ரேங்குக்குப் போகவே கூடாது.

ஜன்னலோரம்
@பேடிங் கடைசி வரியை மட்டும் ஏற்க முடியாது. டைனமிக் வின்டோவில் (ஒரு ரேங்க் இன்னொன்றின் நினைவகத்தில் நேரடியாக எழுதும் வழி) அனுப்பித்தான் ஆக வேண்டும். தன் நினைவகத்தை வின்_அட்டாச் செய்த ரேங்க் தன் கெட்_அட்ரஸ் எண்ணைக் கொடுத்தால்தான் மற்றவர் அங்கே புட் செய்ய முடியும். எங்கள் நிரலில் அனுப்பியவர் தன் பக்கத்து அட்ரஸையே டிஸ்ப்ளேஸ்மென்டாகப் போட்டிருந்தார். ரேங்க் 5-இன் வெப்பநிலை அரே, ரேங்க் 2-இன் பட்டியல் நடுவில் போய் உட்கார்ந்தது. எந்த எரரும் வரவில்லை.

ரேங்க்_சுழி
எரர் வராமலா? எங்களுக்காவது செக்ஃபால்ட் வந்தது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

ஜன்னலோரம்
பட்டியலில் நோட் எண் இருக்க வேண்டிய இடத்தில் 300.15 இருந்தது.