தீப்பெட்டியே மூத்த பிள்ளை

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு வணக்கம்.

சங்கத்தின் ஆண்டு மலருக்காகச் சுற்றுக்கு வந்த வரைவில், சிவகாசி பட்டாசால் வளர்ந்த ஊர் என்று முதல் வரியிலேயே எழுதப்பட்டுள்ளது. பட்டாசு பின்னால் பிறந்த பிள்ளை, மூத்தது தீப்பெட்டி.

மழை பொய்த்தால் வெள்ளாமையே இல்லாத பூமியிலிருந்து கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்ட பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1923ஆம் ஆண்டளவில் ஊரில் அதைத் தொடங்கினார்கள். விவசாயத்தைக் கெடுத்த அதே வெயில், மருந்தில் தோய்த்த குச்சிகளை விரைவில் உலர்த்திக் கொடுத்தது. பெட்டி ஒட்டும் வேலை வீடுகளுக்குள்ளும் வந்தது. என் பாட்டி பசையில் விரலைத் தோய்த்துத் தாளின் ஓரத்தில் ஒரே இழுப்பாக இழுத்து மடிப்பார். ஊர்க்கதை ஒருபுறம் ஓட, குரோஸ் (பன்னிரண்டு டஜன்) கணக்கு மட்டும் தவறாது. (தொழிற்சாலை என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நம் ஊரில் எல்லாமே 'தீப்பெட்டி ஆபீஸ்', 'பட்டாசு ஆபீஸ்' தானே!)

வரைவில் அச்சுத்தொழிலுக்கு அரை வரிதான் இருக்கிறது. எழுத்தறியாதவரும் கடையில் படத்தைக் காட்டித் தீப்பெட்டி கேட்ட காலத்தில், ஒவ்வொரு மார்க்குக்கும் பளிச்சென்ற வண்ண லேபிள் தேவைப்பட்டது. அந்த லேபிளுக்காக ஊருக்குள் வந்த அச்சு இயந்திரங்களும் அவற்றில் கை தேர்ந்தவர்களுமே பிறகு காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என்று நாடு முழுவதற்கும் அடித்துக் கொடுத்தார்கள். மருந்து கையாளும் பழக்கமும் அப்படித்தான் பட்டாசுக்குக் கைகொடுத்தது. 1940இல் வந்த வெடிபொருள் விதிகள் உற்பத்திக்கு உரிமம் பெறும் வழியை ஒழுங்குபடுத்தின. உலகப்போரால் வெளிநாட்டுப் பட்டாசு வரத்தும் குறைந்திருந்தது.

குட்டி ஜப்பான் என்ற பெயரைப் பெருமையோடு எழுதுகிற நாம், குச்சி அடுக்கிய குழந்தைகளை விட்டுவிடுவது முறையன்று. சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் தொடர்பான வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்குமான தீர்ப்பை வழங்கியது. 2012 செப்டம்பரில் ஊருக்கருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்து ஏறத்தாழ நாற்பது உயிர்களைக் கொண்டுபோனது. இவ்விரண்டும் வரைவில் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து.

கடைசிப் பத்தியில் ஒரு திருத்தம்: 1920இல் நகராட்சியான நம் ஊர், 2021இல் திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியாகிவிட்டது. வரைவில் இன்னும் நகராட்சி என்றே இருக்கிறது.